1500–1700 இங்கிலாந்து வெள்ளிக்காசுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்கு வந்த புதிதில், ஒரு நாணயச் சந்தையில் தேய்ந்துபோன வெள்ளிக்காசு ஒன்றை வாங்கினேன். முதலாம் எலிசபெத் காலத்துச் சிக்ஸ்பென்ஸ், அதாவது ஆறு பென்ஸ் காசு. அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களும், ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்களும், புதிதாகச் சேர்க்கத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, நான் சொன்ன பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? எல்லாமே ஒன்றுபோலத் தெரிகிறதே?

எலிசபெத் சிக்ஸ்பென்ஸிலிருந்து தொடங்குங்கள். 1561-ல் முதலில் ஆண்டு போட்டு அடித்தார்கள். அதன்பின் அவர் இறந்த காலம் வரை ஏறக்குறைய எல்லா ஆண்டுக்கும் காசு இருக்கிறது. நிறைய அடித்ததால் இன்றும் கிடைக்கிறது. முகம், ரோஜா, ஆண்டு, கேடயம், குறி என்று படிக்கப் பழகவேண்டிய எல்லாமே இந்த ஒரே காசில் இருக்கின்றன. இதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் மற்ற அரசர்களின் காசு பாதி புரிந்த மாதிரிதான்.

அளவு தெரியவேண்டுமா? நம் பத்து ரூபாய் நாணயத்தைக் கையில் எடுங்கள். குறுக்களவில் சிக்ஸ்பென்ஸ் கிட்டத்தட்ட அதே அளவுதான், 26 மில்லிமீட்டர் போல. ஆனால் எடை பாதிகூட இல்லை; மூன்று கிராம். அவ்வளவு மெல்லிய தகடு. முதல் முறை கையில் வாங்குகிறவர்கள் எல்லாரும் "இவ்வளவு லேசா!" என்றுதான் சொல்வார்கள்.

கையில் ஒரு காசு இருக்கிறது. யாருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். கிரீடமும் கழுத்தில் மடிப்புக் காலருமாக இடப்பக்கம் பார்க்கும் பெண் என்றால் பெரும்பாலும் எலிசபெத். வலப்பக்கம் பார்க்கும் தாடிக்காரர் முதலாம் ஜேம்ஸ். இடப்பக்கம் பார்க்கும், கூர்தாடி வைத்தவர் முதலாம் சார்லஸ். நேராக நம்மைப் பார்க்கும் பையன், ஒரு பக்கம் ரோஜா, மறுபக்கம் ரோமன் எண்ணில் பன்னிரண்டு என்றால் ஆறாம் எட்வர்டின் நல்ல வெள்ளி ஷில்லிங் (பன்னிரண்டு பென்ஸ்). முகமே இல்லாமல், ஒட்டினாற்போல இரண்டு கேடயங்கள் இருந்தால் அரசன் இல்லாத காமன்வெல்த் காலம், 1649 முதல் 1660 வரை. அந்த ஜோடிக் கேடயம் கால்சட்டை மாதிரி இருக்கிறதென்று மக்கள் அதைக் 'கால்சட்டைக் காசு' என்று அழைத்தார்கள். அந்தக் காசுகளில் மட்டும்தான் லத்தீன் இல்லை. முழுக்க ஆங்கில வாசகம்.

முகம் தேய்ந்திருந்தால் திருப்பிப் பாருங்கள். எலிசபெத் கேடயத்தில் சிங்கங்களும் பிரான்சின் லில்லிப் பூக்களும் மட்டும் இருக்கும். கேடயத்துக்குள் ஒரு யாழ் தெரிந்தால் அது ஜேம்ஸ் அல்லது அவருக்குப் பின் வந்தவர். அயர்லாந்தின் யாழையும் ஸ்காட்லாந்தின் சிங்கத்தையும் இங்கிலாந்துக் கேடயத்துக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். கேடயம் இல்லாமல் யாழ் மட்டும் தனியாகப் பெரிதாக இருந்தால், அது அயர்லாந்துக்காக அடித்த காசாக இருக்கலாம். அது வேறு கணக்கு.

அப்புறம் எழுத்து. முழு வாசகம் தேவையில்லை, நாலைந்து எழுத்து போதும். பின்பக்கம் 'பொசுயி' என்று தொடங்கினால் "கடவுளை என் துணையாகக் கொண்டேன்" என்ற வாசகம். எட்வர்ட், மேரி, எலிசபெத் மூவர் காசிலும் வரும். 'எக்சுர்காட்' என்றால் பெரும்பாலும் ஜேம்ஸ் பட்டமேற்ற முதல் ஓராண்டு: "கடவுள் எழுந்தருளட்டும், பகைவர் சிதறட்டும்." 'குவே தேயுஸ்' என்றால் 1604-க்குப் பின் வந்த ஜேம்ஸ்: "கடவுள் இணைத்ததை மனிதன் பிரிக்காதிருக்கட்டும்." திருமணத்தில் சொல்லும் பைபிள் வசனம் அது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே அரசனின் கீழ் வந்ததைத் திருமணமாகவே காட்டினார் ஜேம்ஸ். 'கிறிஸ்டோ' என்று தொடங்கினால் சார்லஸ். ஒரு விஷயத்தைப் பழகிக்கொள்ளுங்கள்: அந்தக் காசுகளில் 'யூ' வரவேண்டிய இடத்தில் 'வி' எழுத்துதான் இருக்கும்.

ஆண்டின் கடைசி எண் தேய்ந்திருந்தால்?

என் முதல் காசிலேயே இதுதான் நடந்தது. முகம் வழுவழுவென்று தேய்ந்து, மூக்கு நுனியும் காலரின் விளிம்பும் மட்டும் மிச்சம். தலைக்குப் பின்னால் ரோஜா நன்றாக இருந்தது. கேடயத்துக்கு மேலே 1, 5, 7 தெரிந்தன. நான்காவது எண் இருந்த இடத்தில் வெறும் வெள்ளி.

வாசகம் தொடங்கும் இடத்தில், கிரீடத்துக்கு மேலே, ஒரு சின்ன உருவம் இருந்தது. வால் மாதிரி கீழே விரிந்து, மேலே புள்ளிகள். நாலைந்து நாள் ஏதோ செடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது ஆர்மின். அரச அங்கிகளில் தைக்கும், கீரி போன்ற ஒரு சிறு விலங்கின் வெள்ளைத் தோலில் வரும் வால்நுனிக் குறி. அந்தக் குறியை 1572-73-ல்தான் போட்டார்கள். ஆக, ஆண்டு இரண்டில் ஒன்று என்றாகிவிட்டது. லென்ஸை வைத்து, மேசை விளக்கைக் காசுக்குப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தேன். எண் இருந்த இடத்தின் அடியில் மயிரிழைபோல ஒரு நேர்கோட்டின் நிழல் விழுந்தது. மூன்று என்றால் அடி வளைந்திருக்கும். இது தட்டை. 1572.

விளக்கை மேலே வைத்தால் எதுவும் தெரியாது. சாய்த்துப் பக்கவாட்டில் பிடித்தால் நானூறு ஆண்டுத் தேய்மானத்துக்கு அடியிலும் எழுத்து எழும்பி வரும். கோயில் சுவர்க் கல்வெட்டைச் சாயங்கால வெயிலில் படிப்பதைப் போலத்தான்.

மின்ட் மார்க் (வாசகம் தொடங்கும் இடத்தில் இருக்கும் சின்னக் குறி) என்றால் அடித்த ஊர்தானே?

இல்லை. எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. பெரும்பாலான காசு லண்டன் கோபுரக் கோட்டைக்குள் இருந்த நாணயச்சாலையில் அடித்ததுதான். குறி சொல்வது ஊரை அல்ல, காலத்தை.

ஒவ்வொரு முறை அடித்த காசிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, பூட்டிய பெட்டியில் போட்டு வைப்பார்கள். அந்தப் பெட்டிக்குப் பிக்ஸ் என்று பெயர். பிறகு பொற்கொல்லர்கள் அடங்கிய நடுவர் குழு அதைத் திறந்து, எடையும் வெள்ளியின் தரமும் சரிதானா என்று உருக்கிப் பார்க்கும். குறை இருந்தால் நாணயச்சாலைத் தலைவர் பதில் சொல்ல வேண்டும். ஒரு சோதனை முடிந்து அடுத்த கணக்கு தொடங்கும்போது குறியை மாற்றிவிடுவார்கள். எந்தக் காசு எந்தக் கணக்கில் சேரும் என்பது அந்தக் குறியைப் பார்த்தாலே தெரியும். இந்தச் சோதனை இன்றும் லண்டனில் ஆண்டுதோறும் நடக்கிறது.

எலிசபெத் காசில் அதிகம் தட்டுப்படுபவை: ஈட்டிமுனை (1561-65), சிறு மகுடம் (1567-70), கை (1590-92), நங்கூரம் (1597-1600). கடைசி இரண்டு ஆண்டுக்கு 1, 2 என்று எண்ணையே போட்டுவிட்டார்கள்: 1601, 1602. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யவேண்டாம். அச்சடித்த ஒரு பட்டியலைக் காசுப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைக்குப் பின்னால் ரோஜா இருக்கிறதா என்று ஏன் கேட்கிறார்கள்?

எலிசபெத் காலத்தில் ஷில்லிங், சிக்ஸ்பென்ஸ், க்ரோட் எனும் நாலு பென்ஸ், மூணு பென்ஸ், இரண்டு பென்ஸ், ஒன்றரைப் பென்னி, ஒரு பென்னி, முக்கால் பென்னி என்று எல்லாம் வெள்ளியிலேயே வந்தன. சின்னக் காசுகள் ஒன்றுக்கொன்று நகத்தளவுதான் வித்தியாசம். கடைக்காரருக்கே குழப்பம் வரும். அதனால் 1561-ல் ஒரு வழி கண்டார்கள்: ஆறு, மூன்று, ஒன்றரை, முக்கால் ஆகிய நான்குக்கும் தலைக்குப் பின்னால் ரோஜா, பின்பக்கம் ஆண்டு. மற்றவற்றுக்கு இரண்டும் கிடையாது.

முக்கால் பென்னி என் மனதுக்கு மிகவும் நெருக்கமான காசு. எடை ஏறக்குறைய 0.4 கிராம், அகலம் சுண்டுவிரல் நகம். அதற்குள் ராணி, ரோஜா, கேடயம், ஆண்டு எல்லாம் இருக்கும். ராணியின் பெயரை முழுதாக எழுத இடமில்லை, முதல் எழுத்து மட்டும். அப்படியும் இடம் பிடித்து "முள்ளில்லா ரோஜா" என்று லத்தீனில் எழுதியிருக்கிறார்கள். அந்த அச்சைக் கையால் செதுக்கியவரை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும். 1582-க்குப் பிறகு ஒன்றரையும் முக்காலும் அடிக்கப்படவில்லை.

வட்டமாக இல்லை, ஓரத்தில் எழுத்தும் பாதி இல்லை. போலியா?

பெரும்பாலும் இல்லை. இவை சுத்தியால் அடித்த காசுகள். கீழ் அச்சை மரக்கட்டையில் ஊன்றி, அதன்மேல் வெள்ளித் தகட்டை வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்து ஓங்கி அடிப்பார்கள். கை நகர்ந்தால் படம் ஓரம் தள்ளிப்போகும். இரண்டாவது அடி விழுந்தால் ராணிக்கு இரண்டு மூக்கு வரும். ஒரு பக்கம் படம் ஆழமாக இருந்தால் அதற்கு நேர் பின்னால் வெள்ளி போதாமல் எழுத்து மங்கும். இவையெல்லாம் இயல்பு.

எழுத்தே காணாமல்போனது வேறு. ஓரத்தைக் கத்தரித்து, வெள்ளித் துணுக்கைச் சேர்த்து விற்றவர்கள் உண்டு. பிடிபட்டால் தேசத்துரோகம், மரண தண்டனை. அப்படியும் நிற்கவில்லை. 1690-களில் புழங்கிய பழங்காசுகள் சராசரியாகப் பாதி எடைதான் இருந்தன. 1696-ல் எல்லாவற்றையும் வாங்கி உருக்கி இயந்திரத்தில் புதிதாக அடித்தார்கள். அந்த நட்டத்தை ஈடுகட்டத்தான் வீட்டு ஜன்னல்களுக்கு வரி போட்டார்கள். ஐசக் நியூட்டன் நாணயச்சாலைப் பொறுப்புக்கு வந்ததும் அதே ஆண்டு.

இயந்திரக் காசு அதற்கு முன்பே ஒருமுறை வந்து போனது. எலுவா மெஸ்ட்ரெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1561 முதல் பத்தாண்டு லண்டனில் இயந்திரத்தில் சிக்ஸ்பென்ஸ் அடித்தார். எவ்வளவு அழகான வட்டம்! ஆனால் சுத்தி அடிப்பவர்கள் அவரைவிட வேகமாக வேலை செய்தார்கள். வேலை போனது, 1578-ல் கள்ளக்காசு வழக்கில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

வெள்ளி என்கிறீர்கள், இது செம்பு மாதிரி இருக்கிறதே?

எட்டாம் ஹென்றியின் கடைசிக் காலம் அல்லது எட்வர்டின் தொடக்கக் காலமா என்று பாருங்கள். 1544 முதல் 1551 வரை காசில் செம்பைக் கலந்துகொண்டே போனார்கள். கடைசியில் நாலில் ஒரு பங்குதான் வெள்ளி. ஹென்றியின் முகம் நேராகப் பார்ப்பதால் புடைத்த மூக்கு முதலில் தேய்ந்து, செம்பு எட்டிப்பார்க்கும். மக்கள் அவரைக் 'கிழட்டுச் செம்புமூக்கன்' என்றார்கள். எலிசபெத் வந்து 1560-61-ல் அந்தக் காசுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு நல்ல வெள்ளியைக் கொடுத்தார். அவர் ஆட்சியில் நான் மிக மதிக்கும் செயல் அது.

உள்நாட்டுப் போர்க் காலக் காசுகளுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

1642-ல் போர் தொடங்கியதும் லண்டன் நாணயச்சாலை பாராளுமன்றத்தின் கையில் போனது. அங்கே அரசனை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டே அரசன் முகத்தோடு காசு அடித்தார்கள்! அரசன் பக்கம் ஷ்ரூஸ்பரி, ஆக்ஸ்போர்டு, பிரிஸ்டல் என்று ஊர் ஊராக அச்சுகள் போயின. ஆக்ஸ்போர்டு காசின் நடுவே, புராட்டஸ்டன்ட் மதம், இங்கிலாந்தின் சட்டம், பாராளுமன்றத்தின் சுதந்திரம் மூன்றையும் காப்பேன் என்ற சார்லஸின் வாக்குறுதியைச் சுருக்கி எழுதியிருக்கும்.

நியூவார்க் நகரம் முற்றுகையில் இருந்தபோது, சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தட்டுகளையும் பாத்திரங்களையும் சாய்சதுரமாக வெட்டி, 1645, 1646 என்று முத்திரை குத்தினார்கள். சிலவற்றில் பழைய பாத்திரத்தின் வேலைப்பாடு இன்னும் தெரியும். அருங்காட்சியகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அதைப் பார்த்திருக்கிறேன். யாருடைய சாப்பாட்டு மேசையில் இருந்த வெள்ளியோ என்று நினைத்தபடி நகராமல் நின்றேன். விலை எனக்கு எட்டாது. போலிகளும் அதிகம், புதியவர்கள் தொடவேண்டாம்.

கறுத்துப்போயிருக்கிறது. துலக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். பூஜைச் சாமானை விபூதி போட்டுத் துலக்கிப் பழகிய கை நமக்கு. பற்பசை, புளி, சமையல் சோடா என்று ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். ஒவ்வொன்றும் மேல்தோலைக் கொஞ்சம் எடுத்துவிடும். துலக்கிய காசு பளபளக்கும், ஆனால் எழுத்தின் ஓரம் மழுங்கும், விலையும் பாதியாகும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

போலியை எப்படிப் பிடிப்பது?

ஒருமுறை ஒரு சந்தையில் சார்லஸ் ஷில்லிங் என்று ஒன்றை வாங்கினேன். வீட்டில் எடை போட்டால் ஐந்து கிராமுக்கும் குறைவு. ஆறு இருக்கவேண்டும். ஓரம் வெட்டிய காசு என்றால் சரி, ஆனால் எழுத்து முழுதாக இருந்ததே! லென்ஸில் பார்த்தால் காசின் பரப்பெல்லாம் ஊசிக்குத்துப்போல் குழிகள், விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு. இரண்டு பாதியாக வார்த்து ஒட்டியது. விற்றவர் அடுத்த சந்தைக்கு வரவில்லை. அன்றிலிருந்து தராசு இல்லாமல் நான் வாங்கப் போவதில்லை.

எடைதான் முதல் சோதனை. 1560 முதல் ஒரு ட்ராய் பவுண்டு (சுமார் 373 கிராம்) எடை வெள்ளியில் 60 ஷில்லிங், 1601 முதல் 62 ஷில்லிங். ஆக ஒரு ஷில்லிங் 6.2 கிராம், பிறகு 6.0 கிராம். சிக்ஸ்பென்ஸ் அதில் பாதி. தேய்மானத்தால் குறையலாம், கூடுதலாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, தண்ணீர்ச் சோதனை. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுக்கவேண்டும். 2.84 கிராம் சிக்ஸ்பென்ஸ் ஒன்று 0.27 அல்லது 0.28 காட்டினால் விடை பத்துக்குமேல் வரும், நல்ல வெள்ளி. 0.39 காட்டினால் ஏழுதான், வெள்ளீயம். சின்னக் காசில் கைப்பிழை வரும், மூன்று முறை செய்யுங்கள். என்னுடைய 'ஷில்லிங்' ஏழையே காட்டியது.

அந்தக் காலத்திலேயே செம்பின்மேல் வெள்ளி பூசி ஏமாற்றிய கள்ளக்காசு வேறு வகை. அதைத் தேடிச் சேர்ப்பவர்களே இருக்கிறார்கள்.

ஓட்டை போட்ட, வளைந்த காசு வாங்கலாமா?

தாராளமாக. ஓட்டை போட்டுக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள்; வளைத்துக் காதல் சின்னமாகக் கொடுத்திருக்கிறார்கள். விலையும் குறைவு.

என்ன விலை ஆகும்?

படிக்கத்தக்க சிக்ஸ்பென்ஸ் இங்கிலாந்தில் சில பத்துப் பவுண்டுகளுக்குக் கிடைக்கும். முகம் தெளிவாக இருந்தால் நூற்றுக்கணக்கில். எலிசபெத்தின் கடைசி ஆண்டுகளில் வந்த பெரிய க்ரௌன் (ஐந்து ஷில்லிங்) ஆயிரக்கணக்கில். வியாபாரிகளின் சீட்டில் 'எஸ்' என்று போட்டு ஓர் எண் இருந்தால், அது ஸ்பிங்க் என்ற நாணய நிறுவனம் வெளியிடும் விலைப்பட்டியலின் வரிசை எண்.

இங்கிலாந்தில் நிலத்தில் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாமா?

1996-ன் புதையல் சட்டப்படி, ஒரே இடத்தில் கிடைத்த, 300 ஆண்டுக்கு மேற்பட்ட இரண்டு அல்லது அதிக வெள்ளிக்காசுகள் புதையல். 14 நாளுக்குள் கரோனர் எனும் விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்கவேண்டும். தனிக்காசு பொதுவாக இதில் வராது, ஆனால் பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருட்களைப் பதிய 1997-ல் தொடங்கிய போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் திட்டத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். எந்த வயலில் கிடைத்தது என்ற குறிப்பு போய்விட்டால் பிறகு எந்தப் பணத்தாலும் அது திரும்பாது. அந்தத் திட்டத்தின் இணையத் தொகுப்பை இலவசமாகப் பார்க்கலாம். காசு படிக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

இந்தக் காசுகளுக்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கப்பல்கள் 1601-ல் கிளம்பும்போது, கீழைநாட்டு வணிகர்கள் ஸ்பானிஷ் வெள்ளியை மட்டுமே நம்பினார்கள். தன் சின்னமும் அங்கே தெரியவேண்டும் என்று எலிசபெத் விரும்பினார். ஸ்பானிஷ் எட்டு ரியாலுக்கு ஈடான எடையில், ஒரு பக்கம் அரச கேடயம், மறுபக்கம் கோட்டை வாசலின் இரும்புக் கிராதி போட்டுத் தனிக்காசு அடித்தார்கள். யாருக்கும் பழக்கமில்லாத காசு, எடுபடவில்லை. கம்பெனி பிறகு ஸ்பானிஷ் காசையே ஏற்றி அனுப்பியது. சென்னையில் கோட்டை கட்டியபின் அதே கம்பெனி அங்கே அடித்தது நம் ஊர் வராகனையும் பணத்தையும்தான். ஆங்கிலக் காசு வீதியில் ஓடவில்லை. கிராதிக் காசு மிக அரிது. அருங்காட்சியகத்தில் பார்த்தால் கொஞ்சம் நின்று பாருங்கள்.

ஊரில் வைத்திருந்தால் எப்படிப் பாதுகாப்பது?

கடற்கரை ஊரின் ஈரமும் உப்பும்தான் எதிரி. மலிவான பிவிசி உறை வேண்டாம். நாளானால் பச்சையாகப் பிசுபிசுக்கும். அமிலமில்லாத காகித உறையில் போட்டு, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ரப்பர் பேண்ட் பக்கத்திலேயே வரக்கூடாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். எங்கே, எப்போது, எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள். இந்தியாவில் 100 ஆண்டு தாண்டிய காசு 1972-ன் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பமுடியாது. ஆகவே கொண்டுவரும் முன்பே தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.